கேட்காமல் விழுந்த தண்ணீர்

"கேட்டுக்கொண்டு போனீர்களா, கேட்காமல் போனீர்களா?"

வக்கீல் இப்படிக் கேட்டபோது அது எங்கள் வழக்கின் கழுத்து என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியாது. மின்விசிறிக் காற்றில் படபடத்த காகிதங்களின் மேல் ஒரு ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்துவிட்டு, சர்க்கரை போட்டதா போடாததா என்று விசாரிக்கும் குரலில்தான் அவர் கேட்டார். 2022 ஜூன் மாதம் அது. வழக்கு நடக்கவே இல்லை, பணமும் பெரிதாகப் போகவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. போன மாதம் நான் செய்த ஒரு காரியத்துக்குப் பிறகு அது இன்னும் மோசமாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறடிச் சந்து

எங்கள் வீடு மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கிழமேலாக ஓடும் தெருவின் தென்சிறகில் இருக்கிறது. முகப்பு குறுகல், நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்பங்கரை, கிணற்றடி, அதற்கும் பின்னால் கொல்லை, கொல்லை முடிகிற இடத்தில் வாய்க்கால். பத்திரத்தில் "கிழமேலடி 24, தென்வடலடி 140" என்று இருக்கிறது. டெல்டாவில் இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கொல்லைக்குப் போக வேண்டிய எதுவும் வீட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். மாடானாலும் வைக்கோலானாலும் எருக்கூடையானாலும் கூடத்தைத் தாண்டாமல் வழியில்லை. பக்கத்தில் சந்து இருக்கிற வீட்டுக்காரர்கள் பாக்கியசாலிகள்.

எங்களுக்குச் சந்து கிடையாது. கீழவீட்டுக்கு உண்டு. எங்கள் கிழக்குச் சுவரை ஒட்டி, தெருவிலிருந்து வாய்க்கால் வரை, ஆறடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில் ஒரு மண்பாதை. அது முழுக்க அவர்களுடையது. இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. பிற்பாடு நில அளவர் நாடாவோடு வந்து இழுத்துப் பார்த்து அதையேதான் சொன்னார். கொல்லைப்பக்கம் எங்கள் வேலியில் மூங்கில் படல் ஒன்று அந்தச் சந்தைப் பார்த்துத் திறக்கும். அம்மா 1976-ல் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் படல் இருந்திருக்கிறது. மாடு அந்த வழியாகத்தான் போகும், வரும். தை, மாசியில் வைக்கோல் கட்டுகள் அந்த வழியாகத்தான் வரும். 2006-ல் மாட்டை விற்ற பிறகும் தேங்காய் பறிக்கிறவர் அந்த வழியாகத்தான் வருவார், மட்டைகளை அந்த வழியாகத்தான் இழுத்துப்போவார். கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரிக்காரர் குழாயை அந்தச் சந்தில்தான் விரிப்பார்.

கீழவீட்டில் அப்போது ஆச்சி இருந்தார். நாங்கள் ஆச்சி என்போம், அம்மாவுக்கு அத்தை முறை. காலையில் மாட்டை அவிழ்க்கும் முன் வேலியோரம் நின்று அம்மா குரல் கொடுப்பார். "அத்தை, மாட்டை ஓட்டிக்கொண்டு போகட்டுமா?" உள்ளேயிருந்து, பல் தேய்த்துக்கொண்டோ விபூதி பூசிக்கொண்டோ, ஆச்சியின் பதில் வரும். "போயேன்டி, இதற்கு ஒரு கேள்வியா?" முப்பது வருடம் தினமும் இதே கேள்வி, இதே பதில். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் இது காதில் விழாவிட்டால்தான் எனக்கு ஏதோ விட்டுப்போனதுபோல் இருக்கும். மழைநாளில் மாடு சந்தில் சாணம் போட்டுவிட்டால் அம்மா கூடையோடு ஓடிப் போய் அள்ளிவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிட்டு வருவார். ஆச்சி வீட்டுச் சந்து எங்கள் வாசலைவிடச் சுத்தமாக இருந்தது என்று அப்பா கேலி செய்வார்.

ஆச்சி 2018-ல் இறந்துபோனார். பிள்ளைகள் சென்னையில். 2020-ல் வீட்டை விற்றார்கள். வாங்கியவர் எங்களுக்குப் பழக்கமில்லாத ஊர்க்காரர். பழைய வீட்டை இடித்துவிட்டு சந்தை ஒட்டி மாடி எழுப்பினார். அவரைப் பற்றி எழுத என்னிடம் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு ஜல்லி இறக்குவது, சாரத்துக்குக் கட்டிய சவுக்கைக் கழி எங்கள் ஓட்டின் மேல் விழுந்து ஆறு ஓடு உடைந்ததற்கு "பழைய ஓடுதானே" என்றது, மாடிக் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பக் காற்று நேராக எங்கள் கிணற்றடித் துளசியின் மேல் வீசுவது. இவற்றையெல்லாம் இங்கே அடுக்கப் போவதில்லை. அண்டைவீட்டுக் குறைகளை அடுக்குகிறவர்களின் முகத்தில் ஒரு அசிங்கமான உற்சாகம் வந்துவிடும், அதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். சந்தை மட்டும் சொல்கிறேன். முதலில் சந்தின் வாயில் நான்கு பூந்தொட்டிகள் வந்தன. பிறகு ஒரு மோட்டார் சைக்கிள். பிறகு இரும்புக் கதவு. 2022 பொங்கல் கழிந்த வாரம், அந்தக் கதவில் பூட்டு.

தேங்காய் பறிக்க வந்தவர்தான் முதலில் பார்த்தார். கயிறும் அரிவாளுமாகத் தெருவில் நின்றுகொண்டு, "அக்கா, வழி இல்லையே" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தென்னைமட்டைகள் கூடத்து வழியாகப் போயின. தாத்தா காலத்துச் சிவப்புத் தரை. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அம்மா வளர்த்த பளபளப்பு. அடுப்பங்கரை வாசலிலிருந்து ரேழிவரை, மட்டைக் காம்பு இழுத்த வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இருபது வருடம்

நாங்கள் சத்தம் போட்டதும் அவரே வந்தார். இதைச் சொல்லியாக வேண்டும், அவர் கத்தவில்லை, அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். கூடவே 20 ரூபாய் முத்திரைத்தாள். "அம்மா, சாவி ஒன்று உங்களிடமே தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் போங்கள். இதில் ஒரு கையெழுத்து மட்டும்." தாளில் தட்டச்சு செய்திருந்தது இதுதான். அவருக்குச் சொந்தமான பாதையில் அவருடைய அனுமதியின் பேரில் மட்டுமே நாங்கள் போய் வருகிறோம். அவர் எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திக்கொள்வோம். எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ அதில் எவ்விதப் பாத்தியமும் இல்லை, இனி கோரவும் மாட்டோம்.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். "சரியாகத்தானே எழுதியிருக்கிறது, அவர் இடம்தானே" என்றார். அண்ணன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, வக்கீலைக் கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தான். மைசூர்பாகை யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் எறும்பு வந்தது.

வக்கீல் மயிலாடுதுறையில். வயதானவர், சிவில் வழக்கு மட்டுமே பார்ப்பவர். எங்கள் பத்திரத்தை வாங்கி முதலில் நான்கெல்லையைத்தான் படித்தார். தெருவுக்குத் தெற்கு, இன்னார் மனைக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு, இதற்குள் பட்டது. நம் பத்திரங்களில் ஒரு வீடு எங்கே இருக்கிறது என்பதை அந்த வீட்டை வைத்துச் சொல்வதில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை வைத்துத்தான் சொல்வார்கள். ஆச்சியின் மாமனார் பெயர் எங்கள் பத்திரத்தில் இருக்கிறது. அவர்களுடைய பழைய பத்திரத்தில் என் பாட்டனார் பெயர் இருக்குமாம். இருவரும் செத்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் ஒருவருக்கொருவர் எல்லையாக நிற்கிறார்கள். சந்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. "நடைபாதைப் பாத்தியம் உண்டு" என்று மூன்று வார்த்தை எழுதியிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே வேண்டாம் என்றார் வக்கீல்.

எழுதாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது என்று அவர்தான் விளக்கினார். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம். வக்கீல்கள் ஈஸ்மென்ட் சட்டம் என்பார்கள். முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணம், குடகு ஆகிய மூன்று இடங்களுக்குத்தான் வந்ததாம், ஆக நமக்கு அதோடு பழைய உறவு. அதன் 15-ஆம் பிரிவுப்படி, அடுத்தவர் நிலத்தின் வழியாக இருபது வருடம் அமைதியாக, வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமை என்ற முறையில் போய்வந்திருந்தால் அந்த வழி நமக்கு உரிமையாகிவிடும். அந்த இருபது வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அதாவது பூட்டுப் போட்ட நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடுகிறது. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. இருபது என்ன, நாற்பத்தைந்து வருடம் இருக்கிறதே!

அப்போதுதான் வக்கீல் அம்மா பக்கம் திரும்பி, இந்தக் கட்டுரையின் முதல் வரியைக் கேட்டார்.

"கேட்காமல் எப்படிப் போவது?" என்றார் அம்மா.

வக்கீல் பேனாவை மூடினார். உரிமை என்ற முறையில் என்பதற்கு என்ன பொருள் என்று பிறகு விளக்கினார். ரோமானியர் காலத்திலிருந்து வருகிற விதி அது. வன்முறையால் அல்ல, ஒளிந்து அல்ல, வேண்டிப் பெற்று அல்ல. இந்த மூன்றும் இல்லாமல் நடந்தவனுக்குத்தான் உரிமை. வேண்டிப் பெற்றது உரிமை ஆகாது, அது வெறும் அனுமதி. அனுமதி கொடுத்தவர் நினைத்தால் திரும்பப் பெறலாம். அவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது, 59-ஆம் பிரிவு. ஆச்சியின் 'போயேன்டி' ஆச்சியோடு போயிற்று.

"அம்மா, நீங்கள் கேட்டுக்கொண்டு போனதாகச் சொல்ல வேண்டாம். சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்லுங்கள். 'அத்தை, போகிறேன்' என்றுதானே சொல்லியிருப்பீர்கள்?"

"இல்லை. 'போகட்டுமா' என்றுதான் கேட்பேன்."

"'போகிறேன்' என்று சொன்ன நாளும் இருக்குமே?"

அம்மா உண்மையிலேயே யோசித்தார். முப்பது வருடத்துக் காலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவர்போலக் கண்ணை இடுக்கிக்கொண்டார். "இல்லை" என்றார். "அது மரியாதை இல்லையே."

"சரி, கூண்டில் ஏறும்போது 'போகிறேன்' என்று ஞாபகம் வந்தால் நல்லது."

"பொய் சொல்லச் சொல்கிறீர்களா?"

"பொய் இல்லையம்மா. பழைய ஞாபகம்."

எனக்குக் கோபம் வந்தது. வக்கீல்மேல் அல்ல, அந்த 'ட்டுமா'வின் மேல். போகிறேன் என்றால் சந்து எங்களுடையது, போகட்டுமா என்றால் இல்லை. ஒரு விகுதியில் ஆறடி அகலமும் நூற்று நாற்பதடி நீளமும் போய்விட்டது. நான் வாதாடிப் பார்த்தேன். சார், தமிழில் 'ட்டுமா' என்று முடிவதெல்லாம் அனுமதியா? விருந்துக்குப் போன வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வரட்டுமா' என்கிறோம். கூடாது, இங்கேயே இரு என்று யாராவது சொல்ல முடியுமா? சொன்னால் இருந்துவிடுவோமா? கிளம்புவதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது, இருந்தும் கேட்கிறோம். அம்மாவின் 'போகட்டுமா' அந்த ஜாதிதான். வக்கீல் நன்றாகச் சிரித்தார். "நல்ல வாதம். வைக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலும் தமிழர்தான் அம்மா. மாட்டுச் சாணத்தை ஓடிப் போய் அள்ளினது யார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்."

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது அண்ணன் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தான். கொல்லைக்கு வேறு வழியே இல்லாவிட்டால் அவசியத்தின் பேரில் வழி கேட்கலாமே? அதற்கும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் எங்களுக்குப் பொருந்தாது. இரண்டு மனையும் ஒரு காலத்தில் ஒரே சொத்தாக இருந்து பிரிந்திருக்க வேண்டும். அப்புறம், வேறு வழியே இருக்கக் கூடாது. எங்களுக்குத்தான் கூடம் இருக்கிறதே. சட்டத்தின் கண்ணில் சிவப்புத் தரையில் கோடு விழுவது அசௌகரியம், அவசியம் அல்ல.

அந்த விதி முட்டாள்தனமானது என்று பல மாதம் பேசித் திரிந்தேன். முப்பது வருடம் தலைகுனிந்து கேட்டவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு நாள்கூடக் கேட்காமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருந்தால் பாதை சொந்தம். முரடனுக்குப் பரிசு, நல்லவளுக்குத் தண்டனை. பேசப் பேச எனக்கே பிடித்துப்போன வசனம் அது. ஆனால் ஒரு இரவு அதையே ஆச்சியின் பக்கமிருந்து யோசித்தபோது தூக்கம் போய்விட்டது. கேட்டவருக்கெல்லாம் சரி போ என்று விட்டவரின் நிலம் இருபது வருடத்தில் பாத்தியதைக்கு உட்பட்டுவிடும் என்றால், யார்தான் யாரை விடுவார்கள்? அந்த விதி இல்லாவிட்டால் ஆச்சிக்கு யாராவது ஒரு வக்கீல் 1976-லேயே சொல்லியிருப்பார், படலை மூடச் சொல்லுங்கள் என்று. விட்டுக்கொடுப்பவரைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. ஆச்சி நிம்மதியாக 'போயேன்டி' என்று சொல்ல முடிந்ததே அதனால்தான், அவருக்கு அது தெரியாவிட்டாலும். புதிதாக வாங்கியவரும், பிடிக்காவிட்டாலும் ஒப்புக்கொள்கிறேன், ஆறடியையும் சேர்த்துத்தான் விலை கொடுத்தார். அவர் தந்த தாளில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எங்கள் அம்மாவே அதைத்தான் சொன்னார். எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது, அதை எழுதிக் கையெழுத்துக் கேட்டது. கேட்காமலே இருந்த ஒரு பதிலைப் பூட்டு போட்டு வாங்கப் பார்த்தது.

அம்மா கையெழுத்துப் போடவில்லை. வழக்கும் வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்துப் போட்டால் அண்ணன் வருத்தப்படுவான், கூண்டில் ஏறினால் தான் வருத்தப்பட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். 2024 பொங்கலோடு இரண்டு வருடக் கடிகாரம் நின்றது. கழிவுநீர் லாரிக் குழாய் இப்போது கூடத்தின் நடுவே போகிறது. அன்றைக்கு மட்டும் அம்மா சாமி படங்களைத் துணி போட்டு மூடிவிடுகிறார்.

ஓட்டுத் தண்ணீர்

வக்கீல் வீட்டிலிருந்து கிளம்பும்போது சொன்ன ஒன்றை அப்போது நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே கேட்டார். "உங்கள் கிழக்கு ஓட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது?" சந்தில்தான் என்றோம். தாத்தா வீடு கட்டிய நாளிலிருந்து நாட்டு ஓட்டின் சரிவு அந்தப் பக்கம்தான், தண்ணீர் விழுந்து விழுந்து சந்தின் ஓரத்தில் ஒரு வரிசை குழியே இருக்கும். "அதற்குப் பாத்தியம் பலமாக இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்" என்றார். "ஏனென்றால் தண்ணீர் யாரையும் கேட்கவில்லை."

2024 ஐப்பசியில் ஒருநாள் கீழவீட்டுக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை இனிப்பும் இல்லை, தாளும் இல்லை. எங்கள் ஓட்டுத் தண்ணீர் அவர் புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையில் விழுந்து, தெறித்து, அவர் வீட்டுச் சுவரில் பாசி பிடிக்கிறது. "அம்மா, உங்கள் ஓட்டுக்கு அடியில் பி.வி.சி. குழாயைப் பாதியாகப் பிளந்து வைத்து, தண்ணீரை உங்கள் கொல்லைப் பக்கமே திருப்பிவிடட்டுமா? செலவு என்னுடையது."

நான் அப்போது ஊரில் இருந்தேன். அவர் உட்காரும் முன்பே எனக்கு வக்கீலின் குரல் கேட்டது. எங்களிடம் மிச்சமிருந்த ஒரே பாத்தியம் அது. சாவியைக் கொடுங்கள், குழாயை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "வைத்துக்கொள் தம்பி, ஓடு மட்டும் உடையாமல் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

அவர் போனதும் நான் கத்தினேன். எதையாவது பதிலுக்குக் கேட்டிருக்கக் கூடாதா? பூட்டை மறந்துவிட்டாயா? தரையைப் பார், இந்தக் கோட்டைப் பார் என்றேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "அவன் கேட்டான், இல்லையா?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை நீட்ட அவர் விடவில்லை. குழாய் வந்துவிட்டது. தண்ணீர் இப்போது எங்கள் வாழையடியில் விழுகிறது. பூட்டும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் நடந்தது இது. சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு ஒரு கார் நிறுத்தும் இடம் உண்டு, கார் இல்லை. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் மின்தூக்கியருகே என்னைப் பார்த்துக் கேட்டார். "அக்கா, உங்கள் இடத்தில் என் ஸ்கூட்டரை நிறுத்திக்கொள்ளட்டுமா?" தாராளமாக என்றேன். இதற்கு ஒரு கேள்வியா என்றுகூடச் சொன்னேன், ஆச்சியின் குரலில். அன்றிரவு படுத்த பிறகு எழுந்து உட்கார்ந்து அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். இது எங்கள் அனுமதியின் பேரில் தற்காலிகமாக மட்டுமே, எங்களுக்குத் தேவைப்படும்போது காலி செய்து தர வேண்டும், பதிவுக்காக இதைத் தெரிவிக்கிறேன். 'பதிவுக்காக' என்ற சொல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. தவறு எதுவும் இல்லாத செய்திதான். அனுப்பிவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் "சரி அக்கா, நன்றி" என்று பதில் வந்திருந்தது. ஸ்கூட்டர் அங்கே இல்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை. தெருவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கிறது. காக்கை எச்சத்துக்குப் பயந்து இருக்கையின் மேல் ஒரு அரிசிச் சாக்கை மடித்துப் போட்டு, அது பறக்காமலிருக்க அரைச் செங்கல் ஒன்றையும் வைத்திருக்கிறார்.